மூச்சு தீர்ந்தால் யார் இழுப்பது?

“மரியானுக்கு மூச்சு தீர்ந்துபோச்சு” என்றார் கிளாரன்ஸ்.

ராசையா அண்ணாச்சியின் பலசரக்குக் கடைப் பின்கட்டில், வற்றல் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தோம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கடையின் முன்கதவு சாத்தியிருந்தது. மூச்சு தீர்ந்துபோன மரியான் எனக்கு எதிரே புளிச் சிப்பத்தில் சாய்ந்தபடி, வற்றல் நெடியில் வந்த தும்மலை அடக்கிக்கொண்டிருந்தார்.

என் அண்ணன் சூசையின் கையில் ஒரு சணல் கயிறு இருந்தது. அண்ணாச்சி ஓலை விசிறியை நிறுத்திவிட்டார்.

பயப்பட வேண்டாம், இது ஆட்டம். மரியானுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் என் காரியம் அன்றைக்கு அந்தக் கயிற்றில்தான் இருந்தது. அதைச் சொல்வதானால் ஆட்டம் எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டும். போன வாரம் பத்திரிகைக்கு உப்பளத்தைப் பற்றி எழுத உட்கார்ந்து பாதிக்கு மேல் கழுதையைப் பற்றி எழுதிவிட்டதாக மருமகள் சொன்னாள். இந்த வாரம் கவனமாக இருக்கப் பார்க்கிறேன்.

உரக் கப்பலில் வந்த பெட்டி

கிளாரன்ஸ் எங்கள் பக்கத்து வீடு. துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளுக்குக் கணக்கு வைக்கிற வேலை. சாயர்புரத்தில் காலேஜ் படித்தவர். வீட்டிலும் கொஞ்சம் இங்கிலீஷ் பேசுவார். அவர் அம்மா அதற்குப் பதில் சொல்வதில்லை.

புதுத் துறைமுகம் வந்து கொஞ்ச காலம் ஆகியிருந்தது. உரம் ஏற்றி வந்த கப்பல் ஒன்றில் வயர்லெஸ் பார்க்கிற வெள்ளைக்காரர் ஒருவர் ஒரு அட்டைப் பெட்டியை இவரிடம் கொடுத்துவிட்டுப் போனார். கப்பலில் எல்லோரும் சீட்டாடுகிறார்கள், இதை ஆட ஒருவரும் வரவில்லை என்று அவருக்கு வருத்தமாம்.

பெட்டிக்குள் மெலிந்த இங்கிலீஷ் புத்தகங்கள். கூடவே தாயக்கட்டை மாதிரி சில கட்டைகள். ஒன்றுக்கு நாலு முகம். கீழே கிடந்தால் நெருஞ்சி முள்ளாகக் காலில் ஏறும். இன்னொன்றுக்கு இருபது முகம். அது உருட்டிய இடத்தில் நிற்காது, மூட்டைக்கு அடியில் போய்விடும். அதனால் பித்தளைத் தட்டில் உருட்டினார்கள்.

ஆட்டத்துக்குக் கட்டமும் கிடையாது, காயும் கிடையாது. ஒருவர் குகைக்காரர். குகைக்குள் என்ன இருக்கிறது என்று அவருக்கு மட்டும் தெரியும். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு வேஷம்: வீரன், சாமியார், மந்திரவாதி. “இடது பக்கம் போறேன்”, “கதவத் திறக்கேன்” என்று வாயால் சொல்ல வேண்டும். நினைத்தது நடக்கிறதா என்பதைக் கட்டை சொல்லும். குகை முடிவில் புதையல். அதைக் காக்க ஒரு சிறகு முளைத்த பாம்பு.

படத்தைப் பார்த்ததும் எங்களுக்குப் புரிந்துவிட்டது. மாதா கோயிலில் தேவதூதரான மிக்கேல் சம்மனசு சுரூபத்தின் காலடியில் கிடப்பது அதுதான். அண்ணாச்சி வாங்கிப் பார்த்துவிட்டு, “நம்ம யாளிதான். சிறகு வச்சிருக்கான்” என்றார்.

கிளாரன்ஸ் குகைக்காரர் ஆனார். இங்கிலீஷ் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். அதனால் அதில் போட்டி இல்லை.

சாமியார் ஆகப் பயந்தவர்கள்

வீரர்களுக்குப் பஞ்சமில்லை. அண்ணன் ஒரு வீரன், அவன் கூட்டாளி மரியான் ஒரு வீரன். சாமியார் வேஷத்துக்குத்தான் ஆள் இல்லை. நாங்கள் கோயிலுக்குப் போகிறவர்கள், எங்களுக்குச் சாமியார் என்றால் பாதிரியார். விளையாட்டுக்குச் சாமியாராக இருந்தால் அதைப் பாவசங்கீர்த்தனத்தில் பாவமாகச் சொல்ல வேண்டுமா என்று யாருக்கும் தெரியவில்லை. பங்குச் சாமியாரிடம் கேட்கவும் பயம்.

“நான் ஆயிருதேன். எங்கிட்ட உங்க சாமியார் என்ன கேக்க முடியும்?” என்றார் ராசையா அண்ணாச்சி.

பனங்காட்டுப் பக்கமிருந்து வந்து கடை வைத்தவர். நெற்றி நிறையத் திருநீறு. எங்கள் ஆட்டத்தின் சாமியார் அவர்தான். சாமியார் ஜெபித்தால் காயம் ஆறும் என்பது புத்தகம். அண்ணாச்சி ஜெபத்தோடு சுக்கும் கொடுத்தார். ஜெபத்துக்கு ஒரு தரம், சுக்குக்கு ஒரு தரம் கட்டை உருட்ட வேண்டும் என்று கேட்டார்.

“புத்தகத்துல சுக்கு இல்ல அண்ணாச்சி” என்றார் கிளாரன்ஸ்.

“எழுதுனவனுக்கு சளி பிடிச்சதே இல்ல போல” என்றார் அண்ணாச்சி.

சுக்கு சேர்ந்தது. புத்தகத்தை நாங்கள் திருத்த ஆரம்பித்தது அன்றைக்குத்தான்.

நான் அண்ணனுக்குக் காப்பி கொண்டுபோனவள். மந்திரவாதி இல்லாமல் ஓர் இரும்புக் கதவு திறக்கவில்லை என்பதால், “ஏளா பிலோமி, சும்மா உக்காரு” என்றான் அண்ணன். உட்கார்ந்தேன். மந்திரத்தை வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்பது புத்தகம். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். அந்த ஐந்து வருஷமும் வாத்தியார் என் பெயரைக் கேட்டால் பக்கத்தில் இருக்கிற பிள்ளைதான் சொல்லும். இத்தனை ஆண்களுக்கு முன்னால் எங்கே வாயைத் திறப்பது? அண்ணன் காதில் சொன்னேன். அவன் உரக்கச் சொன்னான். கதவு திறந்தது.

“காதுல சொன்னா செல்லுமா?” என்று கேட்டார் மரியான்.

என்னைப் பற்றி அவர் கேட்ட முதல் கேள்வி அது. கொஞ்சம் விவாதம் நடந்தது. அண்ணன் காதில் சொன்னால் சபையில் சொன்ன மாதிரி என்று முடிவு செய்து, கடைச் சிலேட்டில் கிளாரன்ஸ் சுக்குக்குக் கீழே எழுதிக்கொண்டார்.

அடிப்புள்ளி

ஒவ்வொரு வேஷத்துக்கும் ஓர் எண் உண்டு. எதிரி அடிக்க அடிக்க அது குறையும். ஒன்றுமில்லாமல் போனால் ஆள் காலி. இதை எப்படித் தமிழில் சொல்வது என்று கிளாரன்ஸ் நாலைந்து நாள் யோசித்து, “அடிப்புள்ளி” என்று சொன்னார்.

“அடிப்புள்ளியா? என்னல, கோலம் போடவா?” என்றான் அண்ணன்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பார்கள். எண் தீர்ந்ததும் கிளாரன்ஸ், “சூசை செத்தான்”, “மரியான் செத்தான்” என்று சாதாரணமாகச் சொல்லிக்கொண்டு போனார். அது எங்களுக்கு ஆகவில்லை. மரியான் சங்கு குளிக்கிறவர். நான் சிறுபிள்ளையாக இருந்தபோதே முத்துக்குளிப்பு நின்றுபோயிற்று. அப்புறம் கடலுக்கடியில் போகிறவர்களுக்குச் சங்குதான். அண்ணன் அதே படகில் அவருக்குக் கயிறு பிடிக்கிறவன். எங்கள் வீடுகளில் அந்தச் சொல்லை விளையாட்டுக்கும் சொல்வதில்லை.

“மூச்சுன்னு சொல்லு” என்றான் அண்ணன். “மூச்சு கொறையுது. மூச்சு தீருது. தீந்தா மேல இழுக்கணும். அவ்வளவுதான். ஒருத்தனும் சாவாண்டாம்.”

“இழுக்கதுக்கு இது கடலா? குகைதானல” என்றார் கிளாரன்ஸ்.

“கயிறு கட்டிக்கிட்டு உள்ள போறோம். ஆள் வெளிய நிக்கான். இழுக்கான். இதுல என்ன உனக்குக் கஷ்டம்?”

கஷ்டம் பிறகுதான் தெரிந்தது. மூச்சு என்று மாற்றியதும் மற்றதெல்லாம் அதன் பின்னால் வந்தது. இரும்புச் சட்டை போட்டால் அடி குறையும் என்பது புத்தகம். இரும்பைப் போட்டுக்கொண்டு எவன் முங்குவான் என்று மரியான் கேட்டார். இரும்புச் சட்டைக்கு மூச்சில் பாதி கழித்தார்கள். அதன்பின் எங்கள் வீரர்கள் துணிச்சட்டையோடுதான் பாம்பைத் தேடினார்கள்.

மச்சான் விதி

கயிறு வந்ததும் அதை யார் பிடிப்பது என்ற கேள்வி வந்தது. வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். குளிக்கிறவன் அடியிலிருந்து கயிற்றை ஒரு சுண்டு சுண்டினால் மேலே இருக்கிறவன் இழுக்க வேண்டும். தாமதித்தால் ஆள் இல்லை. அதனால் கயிற்றை மச்சான் கையில்தான் கொடுப்பார்கள். பெண்டாட்டியின் கூடப் பிறந்தவன். தன் தங்கச்சி தாலியை அறுக்க அவனுக்கு மனசு வராது, அதுதான் கணக்கு.

“கயிறு மச்சான்தான் பிடிக்கணும்” என்றான் அண்ணன்.

“எங்க ஊர்ல அது நடக்காது” என்றார் அண்ணாச்சி. “எம் மச்சான் கைல கயிறக் கொடுத்தா, கடைய எழுதி வாங்கிட்டுதான் இழுப்பான். என் கயிற தூண்ல கட்டிப் போடுங்கப்பா.”

அப்படியே சாமியார் கயிறு தூணில் கட்டப்பட்டது. வீரர்களுக்கு மச்சான் வேண்டும். மச்சான் வேண்டுமானால் கல்யாணம் ஆக வேண்டும். கிளாரன்ஸ் தலையில் கையை வைத்துக்கொண்டார். ஆனாலும் ஒரு ராஜாவையும் அவருக்கு ஒரு மகளையும் மகனையும் உண்டாக்கிக் கொடுத்தார். அண்ணன் வேஷம் அந்த மகளைக் கட்டிக்கொண்டது. பெண் பார்த்தது ஒரு ஞாயிறு, சீர் பேசியது ஒரு ஞாயிறு, கல்யாணம் ஒரு ஞாயிறு. பாம்பு அதுவரைக்கும் குகையில் காத்திருந்தது.

மரியானுக்கும் கொண்டுவந்தார். தளபதி தங்கச்சி, சத்திரக்காரர் மகள், வணிகன் மகள். மரியான் ஒவ்வொன்றுக்கும், “இப்பம் வேண்டாம்” என்றார்.

“ஏம்ல, இவளுக்கும் மூக்கு சரியில்லயா?” என்று கேட்டார் அண்ணாச்சி.

“மூக்கெல்லாம் நல்லாத்தான் இருக்கும். இப்பம் வேண்டாம் அண்ணாச்சி.”

நான் மூட்டையிலிருந்து உதிர்ந்த வற்றலைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். ஆட்டத்திலும் நான் சூசைக்குத் தங்கச்சிதான். வேறு என்னவாக இருப்பது என்று யாருக்கும் தோன்றவில்லை.

இன்னொரு விதியும் அண்ணன் போட்டதுதான். கயிறு பிடிக்கிறவன் யாரிடமும் பேசக்கூடாது, யார் பேச்சையும் கேட்கக்கூடாது. படகில் அப்படித்தான். கண்ணும் மனசும் கயிற்றில் இருக்க வேண்டும். சிலேட்டில் அதையும் எழுதினார்கள். நல்ல விதி என்று நானும் நினைத்தேன்.

மணப்பாட்டிலிருந்து வருகிறவர்கள்

இதற்கு நடுவில் வீட்டில் என் கல்யாணப் பேச்சு நடந்தது. அப்பா இல்லை. அம்மாவும் அண்ணனும்தான். மணப்பாட்டுக்காரர்கள், மாப்பிள்ளைக்குக் கொல்லத்தில் வேலை, நல்ல இடம். இரண்டு வாரம் கழித்து ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருவதாகச் சொல்லியனுப்பியிருந்தார்கள். அம்மா என்னிடம் கேட்டாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாவிட்டால் சம்மதம் என்று எங்கள் வீட்டில் வழக்கம்.

சம்மதம் இல்லை. ஆனால் அதைச் சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்பதற்கான பதில் ஞாயிற்றுக்கிழமைகளில் புளிச் சிப்பத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தது.

மரியான் வேம்பார்க்காரர். அப்பா, அம்மா இல்லை. பேசிவர ஆளும் இல்லை. அம்மாவுக்கு அவர் மேல் வேறொரு குறையும் இருந்தது. “மச்சானும் இல்ல, மாமனும் இல்ல. ஊரான் கயிற நீ எதுக்குப் பிடிக்கே?” என்று அண்ணனைக் கேட்டுக்கொண்டே இருப்பாள். “நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா ஊரு உன்னயத்தான் சொல்லும்.” அண்ணன் சோற்றைப் பார்த்துச் சாப்பிடுவான்.

அண்ணன் காதில் மந்திரம் சொல்ல முடிந்த எனக்கு இதைச் சொல்ல முடியவில்லை. வாரம் ஓடி, மணப்பாட்டுக்காரர்கள் வருவதற்கு முந்தின ஞாயிறும் வந்துவிட்டது.

கிணற்றுக்குள்

அன்றைக்குக் கிளாரன்ஸ் குகைக்குள் ஒரு கிணறு வைத்திருந்தார். அடியில் சாவி கிடக்கிறது, அது இல்லாமல் பாம்பிடம் போக முடியாது. தண்ணீர் என்றதும் மரியான், “நான் இறங்குதேன்” என்றார். மச்சான் இல்லையே என்று யோசிக்கக்கூட இல்லை. அண்ணன் சணலின் ஒரு நுனியை அவர் கையில் கொடுத்து மறு நுனியைத் தான் பிடித்துக்கொண்டான். பழக்கம்.

சாவி கிடைத்தது. கூடவே கிணற்றடியில் ஒரு விலாங்கும் இருந்தது. மூன்று உருட்டில் மூச்சு தீர்ந்துபோயிற்று. நான் முதலில் சொன்ன இடம் இதுதான்.

“இழுத்துட்டேன்” என்றான் அண்ணன்.

“செல்லாது” என்றார் கிளாரன்ஸ். “நீ அவனுக்கு மச்சான் இல்ல. நீங்க போட்ட விதி.”

“ஏலே, இது வேற—”

“கயிறு கைல இருக்கு. பேசக்கூடாது. அதுவும் நீ போட்டதுதான்.”

அண்ணன் வாயை மூடிக்கொண்டான். மரியான் தண்ணீருக்குள் இருக்கிறார், அவராலும் பேச முடியாது. அண்ணாச்சி சுக்கு கொடுக்கலாமா என்று கேட்டார். நனைந்துவிடும் என்றார் கிளாரன்ஸ். அவர் கெட்டவர் இல்லை. புத்தகத்தில் நாங்கள் விட்டுவைத்தது கொஞ்சம்தான். எங்கள் விதிகளையாவது காப்பாற்ற வேண்டும் என்று நினைத்தார்.

“அப்பம் ஆள் காலிதான்” என்று துணியை எடுத்து, சிலேட்டில் மரியான் பெயரிடம் கையைக் கொண்டுபோனார்.

நான் காதில் சொல்ல அண்ணன் பக்கம் சாய்ந்தேன். அவன் வேண்டாம் என்று தலையை ஆட்டினான். கயிறு பிடிக்கிறவன் யார் பேச்சையும் கேட்கக்கூடாது.

“மச்சான் கைல ஏன் கொடுக்காவ?” என்று ஒரு குரல் கேட்டது. என் குரல்தான்.

கிளாரன்ஸ் கை நின்றது.

“தங்கச்சி தாலியறுக்கக் கூடாதுன்னுதான கொடுக்காவ. அந்தத் தங்கச்சி இங்கனதான இருக்கா. அவளே பிடிச்சா என்ன?”

தெருவில் எவனோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனான். கிளாரன்ஸ் புத்தகத்தைப் புரட்டினார். அதில் இருக்காது என்று அவருக்கே தெரியும்.

“பொம்பள கயிறத் தொடக்கூடாதுல்லா” என்றார். “படகுலயே ஏறக்கூடாதே.”

“இங்க படகு எங்கல இருக்கு?” என்றார் அண்ணாச்சி. “குகைன்னு நீதான சொன்ன.”

“சரி, குகைதான். ஆனா கட்டிக்கிட்டவளா இருந்தாத்தான அந்த நியாயம் சேரும்? இவ கட்டிக்கலையே.”

“அதத்தான் சொல்லுதேன்” என்றேன்.

அதைச் சொன்ன பிறகு நான் நிமிரவில்லை. தரையில் சிந்திக் கிடந்த கொத்தமல்லி விதைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“அவன்கிட்டயும் ஒரு வார்த்தை கேக்கணும்லா” என்றார் அண்ணாச்சி, கொஞ்சம் மெதுவாக.

“அவன் முங்கிக் கிடக்கான் அண்ணாச்சி. பேசமாட்டான்” என்றார் கிளாரன்ஸ்.

அண்ணன் ஒன்றும் பேசவில்லை, விதி. சணலின் தன் பக்கத்து நுனியை எடுத்து என் மடியில் வைத்தான். நான் அதை விரலில் சுற்றிப் பிடித்தேன். சொரசொரவென்று இருந்தது. வெல்ல மூட்டை கட்டிய சணல், லேசாக ஒட்டியது.

அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சுண்டு வந்தது.

தட்டு ஆடியது

“இழுக்கணும்னு கேக்கான்” என்றார் அண்ணாச்சி. “உருட்டு பிள்ள.”

உருட்டினேன். இருபது முகக் கட்டையில் இரண்டு விழுந்தது. அதற்குமேல் பதினெட்டு எண் இருக்க, அது விழுந்தது.

கிளாரன்ஸ் குனிந்து பார்த்தார். கட்டையை எடுத்து என் கையில் கொடுத்தார். “தட்டு ஆடிருச்சு. செல்லாது.”

மறுபடி உருட்டினேன். நாலு.

“மறுபடியும் ஆடிருச்சு” என்றார் கிளாரன்ஸ். “அண்ணாச்சி, ஒழுங்கான தட்டு ஒண்ணு வாங்கி வைக்கக் கூடாதா?”

“ஆமா, இது கோணத் தட்டு” என்றார் அண்ணாச்சி. நல்ல தட்டுதான்.

எத்தனை தரம் ஆடியது என்று நினைவில்லை. கடைசியில் பதினேழு விழுந்தபோது தட்டு அசையாமல் இருந்தது. மரியான் மேலே வந்தார். வந்ததும் அதுவரை அடக்கி வைத்திருந்த தும்மலைப் போட்டார். அதற்கப்புறம், “சாவி எங்கிட்ட இருக்கு” என்றார். அன்றைக்கு அவர் பேசியது அவ்வளவுதான்.

திரும்பி நடக்கையில் அண்ணன், “ஏளா, அது ஆட்டத்துக்குச் சொன்னதா?” என்று கேட்டுவிட்டு, நான் சொல்வதற்கு வசதியாகக் காதைச் சாய்த்தான்.

“இல்ல” என்றேன். ஐஸ் வண்டிக்காரர் திரும்பிப் பார்த்தார்.

அம்மா முற்றத்தில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

“எம்மா, நான் மரியானுக்கு மச்சான் ஆயிட்டேன்” என்றான் அண்ணன்.

“எப்பம்?”

“இப்பம்தான். அண்ணாச்சி கடைல.”

அம்மா என்னைப் பார்த்தாள். மீனைப் பார்த்தாள். ஒரு மீனை முழுக்கச் செதில் எடுத்து முடித்தாள்.

“அப்பம் நீ கயிறு பிடிக்கத ஊரு ஒண்ணும் சொல்ல முடியாது” என்றாள். இன்னொரு மீனை எடுத்தாள். “மணப்பாட்டுக்காரவுகளுக்குன்னு கோழி வாங்கிக் கட்டிப்போட்டிருக்கேன். இத நேத்தே சொன்னா என்ன ஏளா?”

மணப்பாட்டுக்கு ஆள் அனுப்பினார்கள். கோழியை நாங்கள் சாப்பிட்டோம். மரியானும் வந்திருந்தார்.

கோயிலில் எங்கள் கல்யாண ஓலை வாசித்தார்கள். தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சாமியார் கேட்டபோது நானும் அண்ணனும் கிளாரன்ஸைப் பார்த்தோம். அவர் புத்தகம் கொண்டுவந்திருக்கவில்லை.

இப்போது

அண்ணன் மச்சானாகவே கடைசிவரை கயிறு பிடித்தான். என்னைப் படகில் ஏற்றவில்லை. அந்த விதியைத் திருத்த யாரும் சம்மதிக்கவில்லை. நானும் ஒரு தரம்தான் கேட்டேன்.

மரியான் உயிரோடு திரும்பி வந்துகொண்டே இருந்தார். ஆனால் அத்தனை வருஷம் முங்கியதில் காது இரண்டும் போய்விட்டன. சங்கு குளித்தவர்களுக்குக் காது நிற்பதில்லை.

இப்போது எதைச் சொன்னாலும் கத்தித்தான் சொல்ல வேண்டும். காப்பி ஆறுகிறது என்பதையும், மாத்திரை போட்டாச்சா என்பதையும், உங்கள் மேல் கோபமாக இருக்கிறேன் என்பதையும். எங்கள் வீட்டு விஷயம் தெருவில் பாதிப் பேருக்குத் தெரியும்.

எதிர் வீட்டுக்குப் புதிதாக வந்த மருமகள், “அந்த ஆச்சி பெரிய சத்தக்காரி போல” என்று சொன்னாளாம். என்னை அப்படிச் சொன்ன முதல் ஆள் அவள். அதை அவரிடம் சொன்னேன். அவருக்குக் கேட்கவில்லை. இன்னும் கொஞ்சம் உரக்கச் சொன்னேன்.

எதிர் வீட்டு ஜன்னல் மெதுவாகச் சாத்திக்கொண்டது.